படத்தில் இருப்பவர் பெயர் என்ன?



கோடை விடுமுறையில் நம் அலுவலகத்துக்கு ஒரு மாணவி பயிற்சிக்கு வந்திருந்தார். விஸ்காம் இரண்டாம் ஆண்டு முடித்தவர். முதல் நாள் அவருக்குக் கொடுக்க வேலை எதுவும் கையில் இல்லை. பழைய இதழ்க் கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்து, "புரட்டிக்கிட்டிரும்மா, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, அச்சுக்குப் போக வேண்டிய பக்கங்களோடு உட்கார்ந்துவிட்டேன். மதியச் சாப்பாட்டு வேளையில் ஓர் இதழைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். உப்பைப் பற்றி நாம் கொண்டுவந்த சிறப்பிதழ். உங்களில் பலருக்கு அந்த அட்டை நினைவிருக்கும். உப்பளத்து வரப்பு, பின்னால் வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரம், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நம்மை நேராகப் பார்க்கும் ஒரு மூதாட்டி. அந்த அட்டையைப் பாராட்டி வந்த கடிதங்களைத் தனிக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

"சார், இவங்க பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. இருவருமாக உள்ளே தேடினோம். படம் எடுத்தவரின் பெயர் இருந்தது. 'தூத்துக்குடி அருகே உப்பளத்தில் ஒரு மூதாட்டி' என்று ஒரு வரி இருந்தது. அதற்கு மேல் எதுவும் இல்லை. அந்தச் சிறப்பிதழில் உப்புச் சத்தியாகிரகத்துக்குப் போன தலைவர்களின் பெயர்களை ஒன்றுவிடாமல் போட்டிருந்தோம். உப்பு அள்ளுகிறவரின் பெயரைக் கேட்கவே தோன்றவில்லை.

அந்தப் பெண் குறை சொல்ல வரவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கல்லூரியில் அவருக்கு ஓர் அசைன்மென்ட் கொடுத்திருந்தார்கள். இன்றைய ஒளிப்படக் கலைஞர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய இணையதளங்களிலும் புத்தகங்களிலும் உள்ள படங்களைப் பார்த்து, மனத்தில் பட்டதை எழுத வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க எழுதி வைத்திருந்தார். வாங்கிப் படித்தேன். அன்று மாலை பேருந்தைத் தவறவிடும் அளவுக்குப் படித்தேன். இந்த மாதம் உங்களோடு பேச நினைப்பது அந்த நோட்டைப் பற்றித்தான்.

முதல் பக்கத்தில், தான் இதுவரை படம் பார்த்த விதத்தை எழுதியிருந்தார். கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போவது. ஒரு படத்துக்கு ஒரு நொடி, பிடித்திருந்தால் இரண்டு நொடி. ஒளிப்படக் கலைஞர்களின் இணையதளங்களுக்குப் போனபோது முதலில் ஏமாற்றம்தான் என்கிறார். எதுவும் பளிச்சென்று இல்லை. ஒரே ஊர், ஒரே ஆட்கள், வருடக்கணக்காக. 'இவர்களுக்கு வேறு இடம் கிடைக்கவில்லையா?' என்று ஒரு வரி. அடுத்த வாரத்துத் தேதியிட்டு அதன் கீழேயே இன்னொரு வரி: 'வேறு இடத்துக்குப் போக மனம் வரவில்லை போல.'

அவருடைய கேள்விக்கு விதை போட்டது 'பாரி'. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய, கிராமப்புற இந்தியாவின் மக்கள் வாழ்வைச் சேமித்து வைக்கும் காப்பகம். ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகள் சேர்ந்து அமைந்த பெயர்தான். ஆனாலும் தமிழில் அது முல்லைக்குத் தேர் தந்தவனின் பெயராக ஒலிப்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. அங்கே வரும் கட்டுரைகளைத் தமிழிலும் படிக்கலாம். மாணவி பார்த்தது தூத்துக்குடி உப்பளப் பெண்களைப் பற்றிய கட்டுரை. எழுதியவர் அபர்ணா கார்த்திகேயன், படங்கள் எம். பழனி குமார். நம் அட்டையில் இருந்த அதே வெயில், அதே உப்பு. அங்கே பெண்களுக்குப் பெயர் இருக்கிறது. எப்போது அளத்துக்கு வந்தார்கள், வீட்டில் யார் யார், உடம்பில் எங்கே வலிக்கிறது என்றெல்லாம் இருக்கிறது. 'பெயரைப் படித்த பிறகு திரும்பப் போய்ப் படத்தைப் பார்த்தேன். முதலில் பார்த்தது வெயிலை. இரண்டாவது முறை பார்த்தது அவரை' என்று எழுதியிருக்கிறார்.

பழனி குமாரைப் பற்றி நோட்டில் ஐந்து பக்கம். மதுரைப் பக்கத்து ஜவகர்லால்புரத்துக்காரர், மீன் விற்கும் தாயின் மகன். மலக்குழிகளில் இறங்கி உயிர்விடும் துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றி திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். ராமநாதபுரம் பாரதிநகர்ப் பெண்கள் கடல்பாசி எடுப்பதை அவர் எடுத்த படங்களை மாணவி நெடுநேரம் பார்த்திருக்கிறார். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று பாசிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்களைக் குறித்துக்கொண்டிருக்கிறார். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்போடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்குகிற பெண்கள். கரையில் நின்று இதை எடுக்க முடியாது. 'கேமராவும் தண்ணீருக்குள் இருக்கிறது, அவர்கள் மூழ்கும் ஆழத்தில்.' அந்த வரிக்கு நான் பக்கத்தில் ஒரு டிக் போட்டேன். ஆசிரியர் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் போகாது.

பழனி குமார் தன் தாயையும் படமெடுத்து எழுதியிருக்கிறார். குழந்தைகளுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். தன் வீட்டு ஆளை எடுக்கிற அதே கண்ணோடு அடுத்தவரையும் எடுக்க முடியுமா என்று மாணவி ஓரிடத்தில் கேட்டு, பதில் எழுதாமல் விட்டிருக்கிறார்.

அடுத்து தயாநிதா சிங். 1961இல் தில்லியில் பிறந்தவர். ஒளிப்பட உலகின் பெரிய விருதுகளுள் ஒன்றான ஹாசல்பிளாட் விருதை 2022இல் பெற்றார். தெற்காசியாவிலிருந்து அதைப் பெற்ற முதல் ஆள். அவருடைய இணையதளத்துக்குப் போன மாணவிக்குக் குழப்பம். படங்களைக் காட்டாமல் புத்தகங்களைக் காட்டுகிறார்கள். மடித்து விரிக்கும் மரச்சட்டங்களைக் காட்டுகிறார்கள். தயாநிதா அவற்றை 'மியூசியம்' என்கிறார். படங்களை இடம் மாற்றி இடம் மாற்றி அடுக்கலாம், ஒவ்வோர் அடுக்குக்கும் வேறு கதை. 2017இல் வந்த 'மியூசியம் பவன்' ஒரு பெட்டி. உள்ளே ஒன்பது சிறிய புத்தகங்கள், விசிறி மடிப்பாக மடித்தவை. வீட்டு மேசையில் விரித்து நிறுத்தினால் நம் வீடே கண்காட்சிக் கூடம். இதையெல்லாம் திரையில் பார்ப்பது ஜவுளிக்கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று புடவை பார்ப்பதுபோல இருந்தது என்று மாணவி எழுதியது நியாயம்தான். தொட வேண்டிய பொருளைத் திரையில் தொட முடியாது.

ஆனால் மாணவியைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. மோனா அகமது. தில்லியில் வாழ்ந்த திருநங்கை, பிற்காலத்தில் கல்லறைத் தோட்டமொன்றில் குடியிருந்தவர். 1989இல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்காகத் திருநங்கையரைப் படமெடுக்கத்தான் தயாநிதா அவரிடம் போனார். படம் எடுத்தாயிற்று. அது பிரிட்டனில் வெளிவரப்போகிறது என்று தெரிந்ததும், அங்கே தனக்கு உறவினர் இருக்கிறார்கள், ஃபிலிமைத் திருப்பிக் கொடு என்றார் மோனா. இளம் ஒளிப்படக்காரருக்குக் கிடைத்த நல்ல வேலை அது. தயாநிதா ஃபிலிம் சுருளைக் கொடுத்துவிட்டார். மோனா அதைக் குப்பையில் போட்டார். அந்த இடத்தில் தொடங்கிய நட்பு, 2017இல் மோனா இறக்கும்வரை நீண்டது. 2001இல் வந்த 'மைசெல்ஃப் மோனா அகமது' புத்தகத்தில் படங்கள் தயாநிதாவுடையவை. சொற்கள் மோனாவுடையவை, பதிப்பாளருக்கு மோனா அனுப்பிய மின்னஞ்சல்கள். தலைப்பிலேயே அவர் பெயர்.

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் இருக்கிறேன். எடுத்த படத்தைத் திருப்பிக் கொடுத்த ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. நானாக இருந்தால் கொடுத்திருப்பேனா? இரண்டு நாள் இதை யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த வயதில் கொடுத்திருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

கௌரி கில்லைப் பற்றிய பக்கங்கள் நோட்டிலேயே அதிகம் அடித்துத் திருத்தப்பட்டவை. முதலில் பிடிக்கவில்லை, பிறகு பிடித்தது, பிறகு மறுபடியும் சந்தேகம். 1970இல் சண்டிகரில் பிறந்த கில், தில்லியில் பத்திரிகை வேலையில் இருந்தபோது ராஜஸ்தான் கிராமப் பள்ளிகளைப் படமெடுக்க 1999இல் போனார். பள்ளிகளோடு தொடங்கியது பாலைவன வாழ்க்கை முழுவதற்கும் விரிந்தது. கறுப்பு வெள்ளையில் எடுத்துக்கொண்டே இருக்கிறார். அதற்குத்தான் 2023இல் பிரி பிக்டே விருது. அவருடைய படங்களில் வறுமை இருக்கிறது, நம்மிடம் இரக்கம் கேட்கிற பாவனை இல்லை. மரத்தில் தொங்கி விளையாடும் சிறுமி, மண்ணில் புரண்டு சிரிக்கும் பெண்கள். பிரசவம் பார்க்கும் மூதாட்டி ஒருவர், தன் பேத்தி பிறப்பதைப் படமெடுக்கக் கில்லைக் கூப்பிட்டிருக்கிறார். அடைத்த கதவுக்குள் வெளியாள் நுழைய, அந்த வீட்டுப் பெண் கூப்பிட்டால்தான் முடியும்.

ராஜஸ்தானில் லூண்கரண்சர் என்ற ஊரில் சிறுமிகளுக்காக ஒரு மேளா நடக்கும். 2003இல் அங்கே கில் ஒரு கூடாரத்தில் சின்ன ஸ்டூடியோ அமைத்தார். வாருங்கள், எப்படி வேண்டுமோ அப்படி நில்லுங்கள். ஒருத்தி தோழியின் தோளில் கைபோட்டு நின்றாள், ஒருத்தி காகிதத் தொப்பி போட்டுக்கொண்டாள், ஒருத்தி விறைப்பாக அடிபணியாத முகத்தோடு நின்றாள். 2010இல் மறுபடியும் அங்கே போய் எடுத்தார். நம் ஊர்த் திருவிழாக்களில் அட்டை மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்து படமெடுத்துக்கொண்ட தலைமுறை நாம். நமக்கு அந்தக் கூடாரம் புதிதில்லை. புதிது என்னவென்றால், அந்தப் படங்கள் உலகக் கண்காட்சிக் கூடங்களில் தொங்கும்போதும் அவற்றில் இருக்கும் முகபாவத்தைத் தீர்மானித்தவர்கள் அந்தச் சிறுமிகளே என்பது.

மகாராஷ்டிரத்தின் ஜவ்ஹார் பகுதியில் அவர் செய்த வேலையை மாணவி இன்னும் விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே கோக்ணா, வார்லி பழங்குடிக் கலைஞர்கள் காகிதக் கூழில் தெய்வங்களுக்கும் அசுரர்களுக்கும் முகமூடி செய்வது வழக்கம். கில் அவர்களிடம், உங்கள் அன்றாட வாழ்க்கைக்கு முகமூடி செய்து தாருங்கள் என்று கேட்டார். யானைத் தலையும் பறவைத் தலையும் வந்தன. கைபேசியே தலையாகவும் வந்தது. அவற்றை அணிந்துகொண்டு ஊர் மக்கள் கடையில் நிற்கிறார்கள், மருத்துவமனையில் காத்திருக்கிறார்கள், கட்டிலில் படுத்திருக்கிறார்கள். முகமே தெரியாத உருவப்படங்கள். 'முகத்தை மறைத்த பிறகு கையையும் காலையும் பார்த்தேன். கால் விரல்கள் எவ்வளவு பேசுகின்றன!' இந்த வரிக்கு இரண்டு டிக்.

மாணவியின் சந்தேகம் இதுதான். இந்தப் படங்கள் விற்கும் விலையில் ஜவ்ஹாருக்கு எவ்வளவு போகிறது? நல்ல கேள்வி. கலைஞர்களின் இணையதளங்களில் இதற்குப் பதில் தேடிப் பார்த்துக் களைத்துப்போனதாக எழுதியிருக்கிறார். கேட்டதே போதும் என்று நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. நாம் படம் போடும்போதும் இதே கேள்வி நம்மை நோக்கி வரும்.

சரி, பெயர் இல்லாமல் படமெடுக்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? மாணவி இதைக் கேட்கவில்லை, நான் அவருக்குச் சொன்னேன். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் எழுதிய ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. ஆட்களை நிறுத்தி மூக்கை அளந்தார், தலையை அளந்தார், படம் எடுத்தார். இன்றும் ஆய்வாளர்கள் புரட்டும் நூல் அது. நானே பல கட்டுரைகளுக்குப் பயன்படுத்தியிருக்கிறேன். அதிலுள்ள படங்களின் கீழே நீங்கள் தேடினால் கிடைப்பது சாதியின் பெயர், குடியின் பெயர். அந்தப் படத்தில் நிற்கிறவரை அவருடைய தாய் என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பது கிடைக்காது. லாம்ப்ரி என்பவர் 1869இலேயே இதற்கு ஒரு சட்டம் செய்து கொடுத்திருந்தார். மரச்சட்டத்தில் இரண்டு அங்குலக் கட்டங்களாகப் பட்டுநூல் கட்டி, அதற்கு முன்னால் ஆளை நிறுத்துவது. நிற்பவர் மனிதர் என்பது போய் அளவு ஆகிவிடுவார்.

பெங்களூருக் கலைஞர் புஷ்பமாலா என். இந்தக் கட்டங்களுக்கு முன்னால் தானே போய் நின்றார். 2000 முதல் 2004 வரை கிளேர் ஆர்னியோடு சேர்ந்து அவர் உருவாக்கிய 'தென்னிந்தியாவின் பூர்வீகப் பெண்கள்' என்ற தொடரில் ரவிவர்மாவின் லட்சுமியாக, வேளாங்கண்ணி மாதாவாக, தமிழ் சினிமா ஸ்டில்லில் உள்ள நடிகையாக, போலீஸ் படமெடுத்த திருடியாக, அளவுகோலோடு கட்டங்களுக்கு முன் நிற்கும் பழங்குடிப் பெண்ணாக அவரே வேடமிட்டு நிற்கிறார். இரண்டாவது சென்னை ஒளிப்பட பினாலே 2019இல் நடந்தபோது அதன் கலைப்பொறுப்பை ஏற்றிருந்தவரும் இவரே. இந்தத் தொடரைப் பார்த்த மாணவி முதலில் சிரித்திருக்கிறார். வேளாங்கண்ணி மாதா அவர் வீட்டுப் பூஜை அலமாரியில் இருக்கும் படமாம். பிறகு கட்டங்களுக்கு முன் நிற்கும் படம் வந்ததும் சிரிப்பு போய்விட்டது என்கிறார். அந்தப் பக்கத்தில் வேறொன்றும் எழுதவில்லை.

பெயர் விஷயத்தில் இன்னொரு சுவையான திருப்பம், வசந்த யோகானந்தன். 1985இல் பிரான்சின் கிரெனோபிளில் பிறந்தவர். தந்தை இலங்கையிலிருந்து போனவர். சிறுவயதில் கேட்ட ராமாயணத்தைத் தேடி 2013 முதல் வடக்கேயிருந்து இலங்கைவரை மறுபடி மறுபடி பயணம் செய்து, ஏழு காண்டங்களுக்கு ஏழு புத்தகங்கள் கொண்டுவந்தார். முதலாவது 2016இல், கடைசி 2021இல். கடைசிப் புத்தகத்தின் பெயர் 'அம்மா'. கறுப்பு வெள்ளையில் எடுத்த சில படங்களுக்கு, நம் பழைய ஸ்டூடியோக்களில் செய்ததுபோல இந்தியக் கலைஞரைக் கொண்டு கையால் வண்ணம் தீட்டியிருக்கிறார். வழியில் பார்த்தவர்களே இதில் சீதையும் ராமனும். குளக்கரையில் நிற்கும் ஒரு சாதாரணப் பெண் அந்தக் கணத்துக்குச் சீதை. 'சொந்தப் பெயர் போய் இன்னொரு பெயர் வருகிறது. ஆனால் இது எனக்கு உறுத்தவில்லை. ஏன்?' என்று மாணவி கேட்டிருக்கிறார். தெருக்கூத்தில் நம் பக்கத்து வீட்டுக்காரர் துரியோதனனாக வரும்போது நமக்கு உறுத்துகிறதா என்று நான் திருப்பிக் கேட்டேன். விடிந்தால் அவர் மறுபடியும் பக்கத்து வீட்டுக்காரர். அதனால்தான் போலிருக்கிறது.

சோரப் ஹுரா மாணவிக்குப் பிடிக்கவில்லை. மேக்னம் ஒளிப்படக் கூட்டமைப்பின் உறுப்பினர், 'தி கோஸ்ட்' என்ற அவருடைய புத்தகம் 2019இல் பாரிஸில் ஆண்டின் சிறந்த ஒளிப்பட நூலாகத் தேர்வானது என்றெல்லாம் நான் சொல்லிப் பார்த்தேன். இரவில் பளீரென்று அடிக்கும் ஃபிளாஷ், கத்துகிற நிறங்கள், இது ரத்தமா திருவிழாச் சாயமா என்று தெரியாத சிவப்பு. தலையைத் தொலைத்த ஒரு பெண்ணின் கதை பன்னிரண்டு முறை சிறு சிறு மாறுதல்களோடு திரும்பத் திரும்ப வருகிறது. பக்கத்தில் என்ன படத்தை வைக்கிறோமோ அதற்கேற்ப முதல் படத்தின் பொருளே மாறிவிடும் என்பதை அவர் நம் முகத்துக்கு நேராகக் காட்டுகிறார். வதந்தி பரவும் காலத்தில் இது தேவையான வேலை என்பது என் கருத்து. 'தேவைதான், எனக்கு ராத்திரி தூக்கம் வரலை சார்' என்பது மாணவியின் கருத்து. ஆனால் மனச்சிதைவு நோயோடு வாழ்ந்த தன் தாயையும் தாயின் நாயையும் ஹுரா வருடக்கணக்கில் எடுத்த படங்களைப் பார்த்த பிறகு, 'இவரா அவர்?' என்று எழுதி மூன்று கேள்விக்குறி போட்டிருக்கிறார்.

வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரனைப் பற்றி நோட்டில் ஒரு பக்கம்தான் இருக்கிறது, இன்னும் எழுதியிருக்கலாம். தலித் குழந்தைகள் படிக்கட்டும் என்று அவருடைய பாட்டி ஊரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஊர் ஊராகச் சுற்றிப் படமெடுத்துக்கொண்டிருந்த பேரன், கொரோனா முடக்கத்தில் வீடு திரும்பித் தன் குடும்பத்தையே எடுக்கத் தொடங்கினார். 'நான் ஒரு மீனைப்போல உணர்கிறேன்' என்று அந்தத் தொடருக்குப் பெயர். துயரத்தை மட்டுமே காட்டும் தலித் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அங்கே உள்ள விளையாட்டும் கொஞ்சலும் புதிது. கூவாகம் திருவிழாவுக்கு வரும் திருநங்கையர் தங்கும் விடுதி அறைகளுக்குள் அவர் எடுத்த தொடரும் இப்படித்தான். கதவு சாத்திய அறைக்குள் ஆசுவாசமாக இருக்கும் முகங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாப் படத்துக்கும் பெயர் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆரம்பத்தில் எனக்கு ஓர் எண்ணம் வந்தது. நோட்டின் கடைசிப் பகுதியில் மாணவி அதை மறித்துவிட்டார். 'பாரி'யிலேயே சில கட்டுரைகளில், உடல்நலம் பற்றிப் பேசும் பெண்களின் பெயர்களை மாற்றியிருக்கிறார்கள், முகத்தைக் காட்டாமல் எடுத்திருக்கிறார்கள். அங்கே பெயரை மறைப்பது மரியாதை. பெயர் போடுவதா வேண்டாமா என்பதை யார் முடிவு செய்தார்கள் என்று பார்க்க வேண்டும் என்கிறார்.

கேட்பதற்கு ஆளே இல்லாத படங்களும் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தேடி மின்வடிவில் சேமித்திருக்கிறார்கள். மாணவியோடு சேர்ந்து ஒரு மாலை முழுக்க அவற்றைப் பார்த்தேன். வரைந்த மாளிகைத் திரைக்கு முன்னால் புதுமணத் தம்பதி. பூச்சடை தெரிவதற்காகக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நிற்கும் பெண். நாற்காலியில் உட்கார்த்தி வைத்து எடுத்த இறந்துபோன பெரியவர், சுற்றிலும் குடும்பம். யாரோ காசு கொடுத்து, தலைசீவிப் பவுடர் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று எடுத்துக்கொண்ட படங்கள். ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடியபோது எத்தனையோ நெகட்டிவ்கள் போயே போய்விட்டன. பிழைத்தவற்றிலும் பல முகங்களுக்குப் பெயர் சொல்ல இன்று யாரும் இல்லை. வாசகர்களே, உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பழைய ஆல்பத்தை இந்த மாதம் ஒருமுறை இறக்குங்கள். பாட்டி இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயரும் ஊரும் எழுதிவையுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.

இனி உப்பளத்து மூதாட்டியின் சேதி.

அட்டைப்படம் எடுத்த நண்பரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவருக்கும் பெயர் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், பிறகு, "கண்டுபிடிக்கிறேன்" என்றார். மாணவிக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஊருக்குப் போகும்போது அவரும் இந்தத் தேடலில் சேர்ந்துகொண்டார். அந்த இதழையும், சட்டம் போட்ட பெரிய பிரதி ஒன்றையும் கையில் கொடுத்தனுப்பினேன், என் மன்னிப்பையும் சேர்த்து. மூன்று அளங்களில் விசாரித்து, நான்காவதில் ஆளைப் பிடித்திருக்கிறார்கள்.

ஆச்சி அந்த இதழைப் பார்த்ததே இல்லை. தன் முகம் அட்டையில் வந்ததும் தெரியாது. சட்டம் போட்ட படத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாராம். "என்னய்யா இது, தலையில துண்டும் கால்ல சாக்ஸுமா. நல்லா இருக்கையில எடுக்கக் கூடாதா?" என்றாராம். பெயரைப் போடலாமா என்று கேட்டதற்கு யோசிக்கவே இல்லை. "வேண்டாம் தாயி. இந்த வயசுல ஆத்தாவ அளத்துக்கு அனுப்புதான்னு எம் மவனத்தான ஊரு பேசும்."

எனவே உங்களுக்கும் அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இந்த இதழிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் கீழே, எடுத்தவர் பெயரோடு, படத்தில் இருப்பவரிடம் கேட்டு அவர் சம்மதித்தால் அவர் பெயரும் ஊரும் இருக்கும். சம்மதிக்காவிட்டால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுவோம். கேட்க முடியாத பழைய படம் என்றால் 'பெயர் தெரியவில்லை, அறிந்தவர்கள் எழுதவும்' என்று போடுவோம். எங்கிருந்தோ எடுத்துப் பொருத்திய படத்தை 'மாதிரிப் படம்' என்று தெளிவாகக் குறிப்போம். மாணவியின் கட்டுரை அடுத்த இதழில் அவர் பெயரோடு வருகிறது. நோட்டில் இருந்த கேள்விக்குறிகளை நான் திருத்தவில்லை.

ஆச்சியைக் கண்டுபிடித்த அன்று மாலை அவர் வீட்டுக்கே போயிருக்கிறார்கள். அவர் குளித்து, பச்சைக் கரை போட்ட சேலை உடுத்தி, பேத்தியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நண்பர் எடுத்தார். பிடிக்கவில்லை என்று இரண்டு தடவை திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தை இதழுக்கு நாங்கள் கேட்கவில்லை. பத்து நாள் கழித்துப் பிரதி போய்ச் சேர்ந்ததும் மாணவி தொலைபேசியில் அழைத்தார்.

"சார், ஆச்சி படத்தை எங்க மாட்டியிருக்காங்க தெரியுமா? தாத்தா படத்துக்குப் பக்கத்துல ஆணி அடிக்கப் போனாங்களாம். 'உசுரோட இருக்கவள மாலை போட்ட படத்துக்குப் பக்கத்துல மாட்டாதல'ன்னு சத்தம் போட்டு, டிவிக்கு மேல மாட்ட வச்சிட்டாங்க."

அன்புடன்,
ஆசிரியர்